சைக்யாட்ரி ஒபீனியன் வரும்வரை
அரசு மருத்துவக் கல்லூரித் துறைத் தலைவர்களுக்கும் யூனிட் சீஃப்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பேராசிரியர்களே, யூனிட் சீஃப்களே,



பொது மருத்துவம், அறுவை, எலும்பு முறிவு, மகப்பேறு, அவசர சிகிச்சை என மனநலம் தவிர்த்த எல்லாத் துறைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். என் துறைக்காரர்களை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. மனநல அவசரம் என்று நாம் பெயர் வைத்திருக்கிற நிலைமைகளில் பல எங்கள் வார்டில் ஆரம்பிப்பதில்லை. உங்கள் வார்டில், உங்கள் பி.ஜி.யின் டியூட்டியில், ராத்திரி இரண்டு மணிக்கு ஆரம்பிக்கின்றன.

அப்புறம் எங்களுக்கு ஒரு கால் ஓவர் சீட்டு வரும். பெயர், வயது, ஐ.பி. எண், அதற்குக் கீழே ஒரே வரி: ‘பேஷண்ட் வயலண்ட். சைக்யாட்ரி ஒபீனியன் ப்ளீஸ்.’ நாடித் துடிப்பு எவ்வளவு, சுகர் எவ்வளவு, எப்போதிலிருந்து இப்படி, கடைசியாகக் குடித்தது எப்போது என்ற விவரம் எதுவும் இருக்காது. எழுதிய பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பக்கத்தில் ஒருவர் கத்திக்கொண்டிருக்க, பத்துப் பேர் வேடிக்கை பார்க்க, நின்றபடி எழுதிய சீட்டு அது. அந்தச் சீட்டு எங்கள் பிளாக்குக்கு வந்து, ஆன்-கால் மருத்துவர் எழுந்து நடந்து வருவதற்கு அரை மணியும் ஆகலாம், ஒரு மணியும் ஆகலாம். ராத்திரியில் மனநல மருத்துவரே இல்லாத மருத்துவமனைகளில் விடியும்வரை ஆகும்.

இந்த மடல் அந்த இடைவெளியைப் பற்றியது. நோயாளி தப்பிப்பதோ சாவதோ, டாக்டர் அடிபடுவதோ, வார்டே ரணகளமாவதோ பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அதற்கென்று நாம் யாரையும் பழக்குவதில்லை.

ஒரு மாணவர் எம்.பி.பி.எஸ். முடித்து வரும்போது மனநலத்தில் எவ்வளவு பார்த்திருப்பார்? ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் கட்டாயப் பணி இரண்டு வாரம். இறுதித் தேர்வில் தனித் தாள் கிடையாது. பொது மருத்துவத் தாளில் ஓர் ஓரம். மனச்சிதைவின் அறிகுறிகளை அவர் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். ஆனால், கத்திக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எதிரே எங்கே நிற்பது, முதல் வார்த்தையாக என்ன சொல்வது, யாரை வெளியே அனுப்புவது என்று யாரும் அவருக்குச் செய்து காட்டியதில்லை. மார்பை அமுக்கி உயிர் மீட்பதைப் பொம்மையில் செய்து பழகாத ஒருவரை ஐ.சி.யு. டியூட்டிக்கு அனுப்ப உங்களுக்கு மனம் வருமா? இதற்கு மட்டும் அனுப்புகிறோம். அனுப்பிவிட்டு, ‘மேனேஜ் பண்ணு’ என்கிறோம்.

சட்டம் நம்மைவிட முன்னால் போய்விட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு மருத்துவமனைகளில் உள்ள எல்லா மருத்துவ அலுவலர்களுக்கும் அடிப்படை மனநலச் சிகிச்சையிலும் அவசர மனநலச் சிகிச்சையிலும் பயிற்சி தர வேண்டும் என்று 31-ஆம் பிரிவில் அரசுக்குக் கடமை விதித்திருக்கிறது. 94-ஆம் பிரிவு இன்னும் நேரடியானது. உயிருக்கு ஆபத்து, தனக்கோ பிறருக்கோ கடும் தீங்கு போன்ற நிலைகளில் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அவசர சிகிச்சை தரலாம். நியமனப் பிரதிநிதி உடனிருந்தால் அவருடைய ஒப்புதல் வேண்டும். உச்ச வரம்பு 72 மணி நேரம். மின் அதிர்வுச் சிகிச்சையை இந்தப் பிரிவின் கீழ் தரக் கூடாது. ‘எந்த மருத்துவரும்’ என்பதில் உங்கள் முதலாம் ஆண்டு பி.ஜி.யும் சேர்த்தி. மாவட்ட ரெசிடென்சிக்காக மூன்று மாதம் வெளியூர் மருத்துவமனைக்கு அவரை அனுப்புகிறீர்களே, அங்கே அவருக்குத் துணைக்கு இருக்கப்போவது இந்தப் பிரிவுதான். அவர் அதைப் படித்திருக்கிறாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சரி, எதில் பழக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன்.

முதலில் உங்கள் ஆர்த்தோ வார்டுக்கே போவோம். தொடை எலும்பு முறிந்து நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் படுத்திருக்கிறார். காலில் டிராக்‌ஷன். முதல் நாளும் இரண்டாம் நாளும் சாதுவாக இருந்தார். மூன்றாம் நாள் ராத்திரி போர்வையில் இல்லாத எதையோ கிள்ளிக் கிள்ளி எடுக்கிறார். சுவரில் எறும்பு சாரை போவதாகச் சொல்கிறார். நர்ஸை ‘ஏம்மா, கடையைச் சாத்திட்டியா?’ என்று கேட்கிறார். கை நடுங்குகிறது, சட்டை வியர்வையில் ஊறியிருக்கிறது. டிராக்‌ஷன் எடையைக் கழற்றிவிட்டு எழுந்து நடக்கப் பார்க்கிறார். தடுத்த வார்டு பாய்க்கு ஓர் அறை.

‘வயலண்ட்’ என்று சீட்டு எழுதப்படும் நோயாளி இவர்தான். மூன்று நாளாக மது இல்லாமல் போனதால் வந்த குழப்பநிலை, டெலிரியம் ட்ரெமன்ஸ். குடியை நிறுத்தி இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் வருவது. கவனிக்காவிட்டால் உயிரைக் குடிப்பது. அட்மிஷனில் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்டார்கள்தான், ‘எப்பவாச்சும்’ என்றார் மனைவி, கேஸ் ஷீட்டில் அதுவே ஏறியது. ‘குடிப்பீங்களா?’ என்று கேட்டால் இந்த ஊரில் அந்தப் பதில்தான் வரும். ‘ஒரு நாளைக்கு குவார்ட்டரா, ஹாஃபா? காலையில எழுந்ததும் கை நடுங்குமா? கடைசியா எப்போ?’ என்று கேட்டால் உண்மை வரும். இந்த மூன்று கேள்வியை அட்மிஷன் ராத்திரியே கேட்கப் பழகிய பி.ஜி. லோராசிபாமையும் தயமினையும் அன்றே எழுதியிருப்பார். மூன்றாம் நாள் எறும்புச் சாரையே வந்திருக்காது. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் என்பதையும் அவர் மறந்திருக்க மாட்டார்.

இதிலிருந்துதான் பயிற்சியின் முதல் பாடம் வருகிறது: திடீரென்று குழம்பியவர் எவரானாலும், வேறு காரணம் தெரியும்வரை அது உடம்பின் கோளாறு. சர்க்கரை குறைந்திருக்கலாம். வயதான அம்மாவுக்கு சோடியம் இறங்கியிருக்கலாம். தலையில் பட்ட அடியை யாரும் சொல்லாமல் விட்டிருக்கலாம். காய்ச்சலோடு வரும் குழப்பம் மூளைக் காய்ச்சலாக இருக்கலாம். கண்ணுக்கு உருவங்கள் தெரிவது, காலையில் தெளிவும் மாலையில் குழப்பமுமாக மாறி மாறி வருவது, நாற்பது தாண்டி முதன்முதலாக இப்படி ஆவது ஆகிய மூன்றும் உடம்பைப் பார் என்று கைகாட்டும் அறிகுறிகள். நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், ஆக்சிஜன், சுகர். இவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். சீட்டில் இந்த ஐந்து எண்களும் இருந்தால் பாதி ஒபீனியனை நாங்கள் போனிலேயே சொல்லிவிடுவோம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அது இன்னும் கொடியது. ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர் நெஞ்சு வலி என்று வந்தால், ‘சைக்யாட்ரி கேஸ்’ என்ற இரண்டு வார்த்தை அவருடைய ஈ.சி.ஜி.யைத் தள்ளிப்போட்டுவிடும். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன பெண் கழுத்து ஒரு பக்கம் இழுக்க, கண் மேலே செருகத் திரும்பி வந்தால் ‘ஹிஸ்டீரியா’ என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வீட்டில் அதற்குள் வேப்பிலை அடித்திருப்பார்கள். ஒரு புரோமெத்தசின் ஊசியில் சரியாகும் டிஸ்டோனியா அது. மனநோய் மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சலும் உடம்பு விறைப்பும் சேர்ந்து வந்தால் அது நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம். போக வேண்டிய இடம் ஐ.சி.யு. பிரசவமாகி முதல் இரண்டு வாரத்துக்குள் தூக்கம் போய், சம்பந்தமில்லாமல் பேசும் தாயை ‘பச்சை உடம்புக்காரி, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டால் அவளுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. இவை ஒவ்வொன்றும் உங்கள் துறைகளின் வாசலில்தான் வந்து நிற்கின்றன.

இரண்டாவது பாடம், நிற்பதும் பேசுவதும்.

அமெரிக்க அவசர மனநல மருத்துவர்கள் 2012-இல் இதற்கென்றே ஒரு நெறிமுறை வெளியிட்டார்கள். அதன் சாரத்தை நம் வார்டுக்கு ஏற்பச் சொல்கிறேன். இரண்டு கை நீளம் தள்ளி நில்லுங்கள். நோயாளிக்கும் வாசலுக்கும் நடுவே நிற்காதீர்கள். உங்களுக்கும் வெளியேற வழி வேண்டும், அவருக்கும் அடைபட்ட உணர்வு வரக் கூடாது. ஒருவர் மட்டுமே பேச வேண்டும். நம் வார்டில் நடப்பது என்ன? டாக்டர் ஒன்று சொல்ல, சிஸ்டர் ஒன்று சொல்ல, எம்.என்.ஏ. மிரட்ட, மச்சான்காரர் ‘மானத்தை வாங்காதடா’ என்று அழ, பக்கத்துக் கட்டில்காரர் போனில் வீடியோ எடுக்கிறார். ஏற்கெனவே காதில் குரல்கள் கேட்கும் ஒருவருக்கு நாம் இன்னும் ஏழெட்டுக் குரல்களைச் சேர்த்துக் கொடுக்கிறோம்.

பேசும் விதத்தையும் வாயால் சொல்லிச் சொல்லித்தான் பழக்க வேண்டும், படித்து வராது. ‘ஏய், படு, ஊசி போட்டுருவேன்’ என்பது ஒரு வகை. ‘சார், நான் டியூட்டி டாக்டர். உங்க பேரு என்ன? தண்ணி குடிக்கிறீங்களா? யாரும் உங்களை ஒண்ணும் பண்ண மாட்டாங்க, நான் இங்கேயே இருக்கேன்’ என்பது இன்னொரு வகை. ஊசியைக் காட்டி மிரட்டியவரிடம் மறுநாள் எந்த ஊசிக்கும் அவர் கை நீட்ட மாட்டார். ‘சுவர்ல ஒண்ணுமே இல்ல, நீங்க உளர்றீங்க’ என்று வாதாடுவதும் வேண்டாம், ‘ஆமா, எறும்பு இருக்கு’ என்று பொய் சொல்வதும் வேண்டாம். ‘எனக்குத் தெரியல சார், ஆனா உங்களுக்கு ரொம்ப பயமா இருக்குன்னு தெரியுது’ என்றால் போதும். அப்புறம் தேர்வு கொடுங்கள்: மாத்திரையா, ஊசியா? கட்டிலில் உட்காருகிறீர்களா, நாற்காலியிலா? எல்லை போட வேண்டிய இடத்தில் அமைதியாகப் போடுங்கள்: ‘கோபப்படலாம் சார், யாரையும் அடிக்கக் கூடாது.’ எல்லோரும் இதில் அடங்கிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. ஆனால், பலர் அடங்குகிறார்கள். ஆளைக் கூட்டி அமுக்கிப் பிடிக்க ஆகும் நேரத்தைவிட இதற்கு அதிகம் ஆவதில்லை.

‘பேசிக்கொண்டிருந்தால் குத்திவிடுவான்’ என்பீர்கள். 2023 மே 10 அதிகாலையில் கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில், காலில் காயத்துக்குக் கட்டுப் போடப் போலீஸ் அழைத்து வந்த ஒருவர், அங்கிருந்த கத்தரிக்கோலை எடுத்து 23 வயது ஹவுஸ் சர்ஜன் ஒருவரைக் குத்திக் கொன்றார். அதை நம்மில் எவரும் மறக்கவில்லை. குத்தியவரின் மனநிலை என்ன என்பது நீதிமன்றத்தின் விஷயம். நமக்கு அது சொல்லும் பாடம் வேறு: கொந்தளிப்பில் இருக்கும் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் டிரெஸ்ஸிங் தட்டு இருக்கக் கூடாது, போலீஸ் வாசலுக்கு வெளியே நின்றுவிடக் கூடாது, இளம் டாக்டரை அங்கே தனியாக விடக் கூடாது. அடுத்த ஆண்டு நவம்பரில் சென்னை கிண்டியில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரைக் குத்தியவர் நோயாளியே இல்லை. ஒரு நோயாளியின் மகன். வன்முறைக்கும் மனநோய்க்கும் நாம் போட்டு வைத்திருக்கும் முடிச்சு எவ்வளவு தளர்வானது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கோபத்தில் இருக்கும் மனிதர் முன்னால் எப்படி நிற்பது என்ற பயிற்சி எல்லாத் துறைக்கும் தேவை. காவலாளி, அலாரம், கூடுதல் ஆள் ஆகியவற்றை நிர்வாகத்திடம் கேளுங்கள், போராடியும் கேளுங்கள். அவை வந்த பிறகும் முதல் வார்த்தையை உங்கள் பி.ஜி.தான் பேசியாக வேண்டும்.

மூன்றாவது, மருந்து. இதில் நாம் பெருமைப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது. கொந்தளிப்பில் வரும் மனநோயாளியை எந்த ஊசி பத்திரமாக அமைதிப்படுத்தும் என்று உலகம் தேடியபோது, பதிலில் ஒரு பகுதி வேலூரிலிருந்து போனது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையில் 200 பேரிடம் லோராசிபாமையும் ஹாலோபெரிடால்-புரோமெத்தசின் ஜோடியையும் ஒப்பிட்டு 2004-இலும், 300 பேரிடம் ஓலன்சாபினோடு அதே ஜோடியை ஒப்பிட்டு 2007-இலும் ஆய்வுகள் வெளியாயின. நம் எல்லா மருத்துவமனையிலும் கிடைக்கிற, விலை குறைந்த அந்த ஜோடி வேகமாக வேலை செய்தது. ரியோ டி ஜனீரோவில் புரோமெத்தசின் இல்லாமல் ஹாலோபெரிடாலை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது கழுத்து இழுப்பு அதிகம் வந்ததால் அந்த ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். உலகமே படிக்கும் இந்த ஆய்வுகள் நடந்த மாநிலத்தில், ‘செரினேஸ் ஒன்று போடு’ என்று தனி ஹாலோபெரிடாலை எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. மது நிறுத்தத்தால் வந்த குழப்பத்துக்கு அதையே எழுதினால் வலிப்புக்கும் வழி திறந்துவிடுகிறோம்.

ஊசிக்குப் பிறகு வருவதுதான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். ‘தூங்கிட்டாரு, நிம்மதி’ என்று வார்டே கலைந்து போகும். கவனம் கூட வேண்டியது அந்த நிமிடத்திலிருந்துதான். மூச்சுக் குழல், ஆக்சிஜன், நாடி, ரத்த அழுத்தம் என்று பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது பார்த்து எழுத வேண்டும். மயக்க மருந்துக்குப் பிந்தைய வார்டில் நாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அதே வேலை இங்கே மட்டும் மறந்துபோகிறது.

நான்காவது, கட்டுதல். காஸ் பேண்டேஜால் கட்டிலோடு கட்டப்பட்ட மணிக்கட்டுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கட்டவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97-ஆம் பிரிவும் அப்படிச் சொல்லவில்லை. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீளாமல், காரணத்தையும் முறையையும் நேரத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதி, தொடர்ந்து கண்காணித்து, 24 மணி நேரத்துக்குள் நியமனப் பிரதிநிதிக்குச் சொல்லிச் செய்ய வேண்டும் என்கிறது. தண்டனையாகச் செய்யக் கூடாது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் செய்யக் கூடாது. கடைசி வரியைப் படிக்கும்போது நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும்; நம் வார்டில் வேறு காரணம் ஏது? ஆனால், 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிச் செத்த மாநிலம் இது.   கட்டுவது ஒரு செய்முறை என்று உங்கள் பி.ஜி.க்கு மனத்தில் பட வேண்டும். கதீட்டர் போட்டால் நேரம் எழுதுகிறோம். கட்டினால் எழுதுவதில்லை. எழுதப் பழக்கினாலே பாதிக் கட்டுகள் தானாக அவிழும்.

ஐந்தாவதைத்தான் நான் அதிகம் வலியுறுத்த விரும்புகிறேன். உங்கள் மெடிக்கல் வார்டில் இன்று காலை ரவுண்ட்ஸ் போனீர்களே, அரளி விதை அரைத்துக் குடித்தவர், பூச்சிமருந்து குடித்தவர், எலி பேஸ்ட் தின்றவர், கோவை-ஈரோடு பக்கமென்றால் சாணிப் பவுடர் கரைத்துக் குடித்தவர் என்று எத்தனை கட்டில்? 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கொடுத்தது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 19,834; மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். இறந்தவர்கள் கணக்கு இது. முயன்று பிழைத்தவர்கள் உங்கள் வார்டு வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

அவர்களுக்கு நாம் செய்வது என்ன? வயிற்றைக் கழுவுகிறோம், அட்ரோபின் ஏற்றுகிறோம், ரத்தப் பரிசோதனை சரியானதும் அனுப்பி வைக்கிறோம். அதை மிக நன்றாகவே செய்கிறோம். அவரோடு யாராவது உட்கார்ந்து பேசினார்களா? குடும்பம் ‘தெரியாம குடிச்சிட்டா சார், இருமல் மருந்துன்னு நினைச்சு’ என்று சொல்லும். ஏ.ஆர். என்ட்ரி, போலீஸுக்குத் தகவல் என்ற பயத்தில் சொல்லும் பொய் அது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 309-ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் தனிக் குற்றமாக நிற்கிறது. இதை இரண்டு வாக்கியத்தில் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்த பி.ஜி.யிடம் உண்மை தானாக வந்துசேரும்.

எலி பேஸ்ட் தின்ற பெண்ணைப் பாருங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் விஷம் முதலில் வாந்தி எடுக்க வைக்கும். பிறகு ஓரிரு நாள் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். அதன் பின்தான் கல்லீரல் விழும். அந்த நடு நாட்களில் அவள் எழுந்து உட்கார்ந்து, ‘நல்லா இருக்கேன் சார், வீட்டுக்கு அனுப்புங்க, பாப்பாவுக்கு ஸ்கூல் இருக்கு’ என்பாள். அந்த நாட்களில்தான் அவள் எல்லாவற்றையும் சொல்லத் தயாராக இருக்கிறாள். மாமியாரை ‘டீ குடிச்சிட்டு வாங்கம்மா’ என்று அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ‘செத்துப்போயிடலாம்னு தோணுச்சா? இப்பவும் தோணுதா?’ என்று கேட்க வேண்டும். கேட்டால் எண்ணம் வரும் என்று பயப்படுகிறவர்கள் நம்மிலேயே உண்டு, வராது. கேட்காமல் விடுவதும், ‘இதுக்கெல்லாம் போய் யாராச்சும் மருந்து குடிப்பாங்களா?’ என்று குத்திப் பேசுவதும்தான் அவளை அடுத்த முறை இங்கே வராதபடி செய்கின்றன. அடுத்த முறை அவள் நேரே பிணவறைக்குப் போய்விடுவாள்.

இதற்கு ஆதாரம் வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வின் இந்திய மையம் சென்னை. ஐந்து நாடுகளிலும் சேர்த்து, தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,867 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பாதிக்கு அதோடு ஏறத்தாழ ஒரு மணி நேர உரையாடல். பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ ‘எப்படி இருக்கீங்க?’ என்ற விசாரிப்பு. 2008-இல் முடிவு வந்தது: வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம், பேசப்பட்டவர்களில் 0.2 சதவீதம். ஒரு மாத்திரை இப்படி ஒரு வித்தியாசத்தைக் காட்டியிருந்தால் எல்லா வார்டிலும் ஸ்டாக் வைத்திருப்போம். உரையாடல் என்பதால் விட்டுவிட்டோம்.

இவ்வளவுக்கும் சேர்த்து நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. புதுக் கட்டடம் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

மாதத்துக்கு ஒரு மணி நேரம், உங்கள் வார்டிலேயே ஓர் ஒத்திகை. வகுப்பறையில் பவர் பாயிண்ட் போட வேண்டாம். எந்தக் கட்டில் பக்கத்தில் பிரச்சினை வருமோ அங்கேயே நடக்கட்டும். எங்கள் துறை பி.ஜி. ஒருவர் நோயாளியாக நடிப்பார், உங்கள் பி.ஜி. டாக்டராகவே இருப்பார். ராத்திரி டியூட்டியில் உண்மையில் இருக்கும் சிஸ்டர், எம்.என்.ஏ., காவலாளி எல்லோரும் கூட வேண்டும். யார் பேசுவது, யார் தட்டை அப்புறப்படுத்துவது, யார் கூட்டத்தை அனுப்புவது, யார் சுகர் பார்ப்பது என்று அங்கேயே பங்கு பிரியட்டும். முதல் தடவை எல்லோரும் சிரிப்பார்கள். மூன்றாம் தடவை சிரிக்க மாட்டார்கள்.

நர்ஸிங் ஸ்டேஷன் சுவரில் ஒரே ஒரு பக்கம்: பார்க்க வேண்டிய ஐந்து எண்கள், கேட்க வேண்டிய குடிக் கேள்விகள், ஊசியும் அளவும், முதியவருக்குக் குறைத்த அளவு, ஊசிக்குப் பின் பார்க்க வேண்டியவை, மனநல ஆன்-கால் எண். டிஸ்சார்ஜ் சீட்டில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் 104 உதவி எண்ணும் அச்சடித்து வரட்டும். விஷத்தையோ மருந்தையோ வீட்டில் யார் பூட்டி வைப்பது என்று குடும்பத்திடம் பேசியாயிற்றா என்பதற்கு ஒரு கட்டம் இருக்கட்டும்.

முதல் மூன்று மாதம், கொந்தளிப்பான நோயாளி வந்தால் முதலாம் ஆண்டு பி.ஜி.யோடு ஒரு சீனியர் கட்டாயம் நிற்க வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு முறை நீங்களே ராத்திரி வந்து நில்லுங்கள். சீஃப் ஒரு நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்த பிள்ளை அதை ஆயுசுக்கும் மறக்காது. உள் மதிப்பீட்டுத் தேர்வில் இதற்கென்று ஒரு ஸ்டேஷன் வையுங்கள். நம் பிள்ளைகள் தேர்வில் வருவதைத்தான் படிப்பார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சம்பவம் முடிந்த பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். ‘யார் தப்பு?’ என்று விசாரணை வேண்டாம். என்ன நடந்தது, யாருக்கு அடிபட்டது, அடுத்த முறை எதை மாற்றலாம் என்பது போதும். அறை வாங்கிய ஹவுஸ் சர்ஜன் முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த கேஸ் ஷீட்டை எடுக்கிறார். வீட்டுக்கும் சொல்வதில்லை, நம்மிடமும் சொல்வதில்லை. பேசப் பழகாத வார்டில் நோயாளியின் சங்கடமும் டாக்டரின் சங்கடமும் ஒன்றுபோலவே அமுங்கிப்போகின்றன.

உங்கள் மறுப்புகள் எனக்குத் தெரியும். ‘ஓ.பி.யில் முந்நூறு பேர் நிற்கிறார்கள், இதற்கு நேரம் ஏது?’ ஒரு டெலிரியம் நோயாளி டிராக்‌ஷனைப் பிய்த்துக்கொண்டு விழுந்தால் அந்த ராத்திரியும் மறுநாள் தியேட்டர் லிஸ்ட்டும் சேர்ந்தே போகின்றன. அந்த நேரத்திலிருந்து மாதம் ஒரு மணியைக் கடன் வாங்கலாம். ‘இதெல்லாம் சைக்யாட்ரி வேலை’ என்பீர்கள். மாரடைப்பு வந்தவருக்கு கார்டியாலஜி வரும்வரை ஆஸ்பிரின் கொடுக்காமல் எந்த மெடிசின் பி.ஜி.யும் காத்திருப்பதில்லை. எங்களை அழைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அழைத்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்கிறேன். எங்கள் பக்கத்துக் கடனும் இதில் உண்டு. கால் ஓவர் சீட்டுக்குச் சீக்கிரம் வருவது, வந்ததும் ‘ஃபிட் ஃபார் டிஸ்சார்ஜ்’ என்று ஒற்றை வரி எழுதாமல் உங்கள் பி.ஜி.யை நிற்கவைத்துக் காரணம் சொல்லிக்கொடுப்பது இரண்டும் எங்கள் வேலை. அதை என் துறைக்குத் தனியாக எழுதுவேன்.

இந்த மடலுக்குப் பதில் மடல் வேண்டாம். முதல் ஒத்திகை எந்த வார்டில், எந்தக் கிழமை என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். பணி ஓய்வு பெற்றுவிட்டேன், நேரம் நிறைய இருக்கிறது. நோயாளியாக நடிக்க நானே வருகிறேன், உங்கள் பி.ஜி.யை அவ்வளவு சுலபத்தில் விட்டுவிட மாட்டேன் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற மனநல மருத்துவப் பேராசிரியர் ஒருவர்